எல்லாவற்றுக்கும் ஒரே பிளாக்

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டு வேலைக்குப் போகிற செவிலியர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருவது என் வேலை. இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன், அது எங்கே இழுத்துக்கொண்டு போகிறதோ அங்கே போவோம். அந்தச் சொல், பிளாக்.

சில வருடங்களுக்கு முன்னால் என் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார்கள். 'ரெண்டு பிளாக் இருக்கு' என்றார்கள். அவருடைய மருமகள் அயர்லாந்தில் நர்ஸ். கூட வேலை பார்க்கும் டாக்டரிடம் அவள் காட்டிக் கேட்க வசதியாக இருக்குமே என்று, நான் ஆங்கிலத்திலேயே ஒரு செய்தி அனுப்பினேன்: 'மாமாவுக்கு ஹார்ட் பிளாக்.' அரை மணி நேரத்தில் பதறிப்போய்க் கூப்பிட்டாள். 'எத்தனையாவது டிகிரி? மயங்கி விழுந்தாரா? பேஸ்மேக்கர் வைக்கச் சொல்கிறார்களா?' எனக்கு ஒன்றும் புரியவில்லை, பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். மருத்துவ ஆங்கிலத்தில் 'ஹார்ட் பிளாக்' என்பது இதயத்தின் மின்சார ஓட்டத்தில் வரும் கோளாறு. துடிக்கச் சொல்லும் மின்தூண்டல் மேலறையிலிருந்து கீழறைக்கு வரும் வழியில் தாமதப்படும், சில பேருக்கு வராமலே நின்றுவிடும், முற்றிய நிலையில் பேஸ்மேக்கர் பொருத்த வேண்டியிருக்கும். நம் ஊரில் நாம் பிளாக் என்று சொல்வது ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்து வழி குறுகிப்போவதை. அதற்கு அவர்கள் 'பிளாக்கேஜ்' என்பார்கள், 'நேரோயிங்' என்பார்கள், ரிப்போர்ட்டில் 'ஸ்டெனோசிஸ்' என்று எழுதுவார்கள், அதற்கு வைப்பது ஸ்டென்ட். ஒன்று கரண்ட் வேலை, இன்னொன்று குழாய் வேலை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு நான் அனுப்பியதால் அந்தப் பெண் அரை மணி நேரம் தவித்துப் போனாள். அன்றிலிருந்துதான் இந்த அடைப்புச் சொற்களைத் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. ஆங்கிலத்தில் ஒவ்வோர் அடைப்புச் சொல்லுக்குள்ளும் ஒரு படம் இருக்கிறது, அது எப்படி அடைபட்டது என்று அந்தப் படம் சொல்லிவிடும். பாதிப் படங்களில் இருப்பது மரக்கட்டை! 'பிளாக்' என்ற சொல்லே முதலில் அடிமரத்தைத்தான் குறித்தது. கிச்சன் சிங்க் அடைத்துக்கொண்டால் அமெரிக்கர்கள் 'கிளாக்' என்கிறார்களே, கடைசி எழுத்து ஜி, கடிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் மரக்கட்டைதான். ஓடிப்போகிற கால்நடையின் காலில் கட்டிவிடுகிற கட்டை. நம் கிராமங்களிலும் துள்ளித் திரியும் மாட்டின் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். காரியத்துக்கு 'முட்டுக்கட்டை' போடுகிறான் என்று நாம் சொல்லும்போது நம் கையிலும் ஒரு கட்டை இருக்கிறது, இல்லையா? எங்கோ இருக்கிற இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே பொருள் தோன்றியிருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

இன்னொரு கட்டை, 'லாக்ஜாம்'. வட அமெரிக்காவில் காட்டில் வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு அறுவை ஆலைக்குக் கொண்டு போவார்கள். வளைவில் ஒரு மரம் குறுக்கே சிக்கினால் போதும், பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் ஏறி ஏறி மலை மாதிரி குவிந்துவிடும். மின்னசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் நடுவில் ஓடும் செயின்ட் குரோய் ஆற்றில் 1886-ல் அப்படி ஒரு பெரிய அடைப்பு வந்து, எடுத்து முடிக்க வாரக்கணக்கில் ஆனது. தொழிலாளிகள் அந்தக் குவியலில் எந்த மரம் மற்றதையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறது என்று தேடுவார்கள், அதற்குப் பெயர் 'கீ லாக்', அதை உருவிவிட்டால் மொத்தமும் சரிந்து ஓடும், உருவுகிறவன் உயிர் தப்பிக் கரைக்கு ஓட வேண்டும். இன்று பேச்சுவார்த்தை இழுபறியில் நின்றால் ஆங்கிலப் பத்திரிகைகள் 'லாக்ஜாம்' என்று எழுதுவது அங்கிருந்து வந்ததுதான்.

சரி, கட்டையை விடுவோம், குவியலுக்கு வருவோம். 'கன்ஜெஷன்' என்பது லத்தீனில் ஓரிடத்தில் கொண்டுவந்து குவிப்பது. அதனால்தான் மூக்கடைப்புக்கும் அது பொருந்துகிறது, லண்டனில் 2003-லிருந்து நகரின் நடுப்பகுதிக்குக் காரில் போகிறவர்களிடம் வாங்கும் கட்டணத்துக்கும் அதே பெயர். நியூயார்க்கிலும் 2025 ஜனவரியில் அப்படி ஒரு கட்டணம் வந்தது. 'கான்ஸ்டிபேஷன்' இதற்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி: நெருக்கித் திணிப்பது என்று அர்த்தம். அதே லத்தீன் சொல் ஸ்பெயினுக்குப் போனபோது மூக்குக்கு ஏறிவிட்டது. அங்கே ஒருவர் 'கோன்ஸ்திபாதோ' என்றால் அவருக்கு ஜலதோஷம். அவருக்கு மலமிளக்கி எடுத்துக்கொடுத்து விடாதீர்கள் என்று என் மாணவிகளிடம் சொல்லிவைப்பேன். தமிழில் கான்ஸ்டிபேஷனை மலச்'சிக்கல்' என்கிறோம், நூல் சிக்குவது மாதிரி. அந்தச் சிக்கலை ஆங்கிலக்காரன் ரோட்டில் வைத்திருக்கிறான்: 'டிராஃபிக் ஸ்னார்ல்' என்றால் சிக்கு விழுந்த முடி மாதிரி வண்டிகள் பின்னிக்கிடப்பது.

ரோடு என்றதும் நாம் சொல்வது ஜாம், அல்லது வெறுமனே 'ஒரே டிராஃபிக்'. டிராஃபிக் என்றால் போக்குவரத்து, அவ்வளவுதான், அதனால் 'ஹெவி' என்று ஒன்றை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசையில் வந்த வண்டிகள் பாலத்தில் ஒரே வரிசையாக நுழைய வேண்டியிருந்தால் அது 'பாட்டில்நெக்'. பாலத்தைத் தாண்டினால் ரோடு காலியாக இருக்கும். 'கிரிட்லாக்' அப்படி இல்லை. கட்டம் கட்டமாகத் தெருக்கள் இருக்கிற மன்ஹாட்டன் மாதிரி ஊரில், சந்திப்பைத் தாண்ட இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லோரும் உள்ளே நுழைந்துவிட்டால், இந்தத் தெரு அந்தத் தெருவை அடைக்கும், அது அடுத்ததை, அது திரும்பி வந்து இதையே, கடைசியில் யாரும் முதலில் நகர முடியாது. 1980 ஏப்ரலில் நியூயார்க்கில் பஸ், சுரங்க ரயில் ஊழியர்கள் 11 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது. அதைப் பரப்பிய போக்குவரத்துப் பொறியாளர் சாம் ஷ்வார்ட்ஸுக்கு 'கிரிட்லாக் சாம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் மாட்டிக்கொண்டதே, 400 மீட்டர் நீளக் கப்பல், ஆறு நாள், அப்போது ஆங்கிலச் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த சொல் 'வெஜ்டு'. ஆப்பு அடித்த மாதிரி இரண்டு கரைக்கும் நடுவில் இறுகிக்கிடந்தது என்று அந்த ஒரு சொல்லே காட்டிவிடும். நாம் 'தரை தட்டியது' என்றோம், நம் சொல்லும் அழகான சொல், கப்பலின் அடிவயிற்றைப் பார்க்கிறது. ஏரி மண் மேடிட்டு அடைத்தால் 'தூர்ந்து போச்சு' என்கிறோம், சளிக்கு 'கட்டியிருக்கு', வழக்குகளுக்கு 'தேங்கிக் கிடக்கு', கூட்டத்துக்கு 'நெரிசல்'. தமிழில் பேசும்போது இவ்வளவு துல்லியமாக இருக்கிற நாம், ஆங்கிலத்துக்குத் தாவியதும் ஏன் பிளாக், ஜாம் என்ற இரண்டோடு நின்றுவிடுகிறோம்? வகுப்பில் நான் இதைத்தான் செய்யச் சொல்கிறேன்: முதலில் தமிழில் எப்படிச் சொல்வாய், தேங்கியதா, சிக்கியதா, தூர்ந்ததா, மடங்கியதா? அப்புறம் அந்தப் படத்துக்கு உரிய ஆங்கிலச் சொல்லைத் தேடு.

போன வருடம் என்னிடம் படித்த ஒரு பெண் வெளிநாட்டு மருத்துவமனையில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு ஃபோன் செய்தாள். ஒரு பெரியவருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தார்கள், பையில் சொட்டுக்கூட இறங்கவில்லை. கூட இருந்த இன்னொரு புது நர்ஸ் 'பிளாக்டு' என்று சொல்லிக் குழாயைத் தண்ணீர் விட்டு அலசத் தயாராகிவிட்டாள். இவள் போர்வையை விலக்கிப் பார்த்திருக்கிறாள், குழாய் அவருடைய தொடைக்கு அடியில் மாட்டி மடங்கிக் கிடந்திருக்கிறது. 'வெயிட், இட்ஸ் கிங்க்டு' என்றாளாம். மடங்கியிருக்கு. குழாயை நேராக்கி விட்டாள், இறங்க ஆரம்பித்துவிட்டது.