சம்பளம் வாங்காத வக்கீல்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கருவி வாங்குபவரின் கண்ணை மறைப்பது பெரிதும் ஊடகங்களின் சார்பா, அவருடைய சொந்த பிராண்ட் பற்றா? இதுதான் தலைப்பு. பற்றுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இரண்டு சான்றுகளை வைத்துவிட்டு வெற்றிப் புன்னகையோடு அமர்ந்தார். இரண்டும் உண்மை, நான் மறுக்கப் போவதில்லை. ஒன்று, கூகுள் பிக்சல் 4 விளம்பரம். அந்த ஃபோனைத் தொட்டுக்கூடப் பார்க்காத வானொலி அறிவிப்பாளர்கள், தாங்களே பயன்படுத்தி மகிழ்ந்ததுபோல் பேசினார்கள். இன்னொன்று, ஹ்யூமேன் கம்பெனியின் ஏஐ பின். சட்டையில் குத்திக்கொண்டு கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவி. கடைக்கே வராத பொருளை டைம் இதழ் 2023-இன் சிறந்த கண்டுபிடிப்புகளில் சேர்த்தது.

சரி, அப்புறம் என்ன நடந்தது? அதைச் சொல்லாமல் போய்விட்டாரே! விளம்பர விவகாரத்தை அமெரிக்க அரசின் வணிக ஆணையம் பிடித்தது. 2022-இல் கூகுளும் வானொலி நிறுவனமான ஐஹார்ட் மீடியாவும் ஏறக்குறைய 94 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. ஏஐ பின் 2024 ஏப்ரலில் விமர்சகர்கள் கைக்கு வந்தது. சூடாகிறது, தாமதிக்கிறது, தப்பாகப் பதில் சொல்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். 2025 பிப்ரவரியில் அந்தக் கம்பெனியின் சொத்துகள் எச்பி நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. 699 டாலர் கொடுத்து வாங்கிய கருவியின் சேவை அந்த மாதத்தோடு நின்றது. ஊதியதும் ஊடகம், உடைத்ததும் ஊடகம்!

வேடிக்கை இடையில் நடந்தது. மார்க்கஸ் பிரவுன்லீ என்ற யூடியூப் விமர்சகர், தான் விமர்சித்தவற்றிலேயே மோசமான பொருள் இதுதான் என்றார். அந்தக் கனவை நம்பியிருந்த சிலர் அவர் மீதே பாய்ந்தார்கள். பொருள் ஏன் சூடாகிறது என்று கேட்கவில்லை. இத்தனை பேர் பார்க்கும் ஒருவர் இப்படிச் சொல்லலாமா என்று கேட்டார்கள். பொய் சொன்னால் சார்பு, உண்மை சொன்னால் கொடுமை. பாவம், ஊடகம் வேறு என்னதான் செய்யும்?

1956-இல் ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ரொட்டி வாட்டும் கருவி, ரேடியோ போன்ற வீட்டுச் சாதனங்களுக்குப் பெண்களை மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு இரண்டைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்த பிறகு மறுபடி மதிப்பெண். எடுத்ததற்குக் கூடியது, விட்டதற்குக் குறைந்தது. கருவிகளில் எந்த மாற்றமும் இல்லை. விளம்பரம் எதுவும் குறுக்கே வரவில்லை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இங்கே கைக்கு வந்த பிறகுதான் அது பொன்னாகிறது!

இந்தப் பொன்னைக் காக்க நாம் என்னவெல்லாம் செய்கிறோம்? 2017 டிசம்பரில், பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. ஊடகங்கள் கிழித்தன. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆக்கியது. கம்பெனியே மன்னிப்புக் கேட்ட பிறகும் ரசிகர் விடவில்லை: "எல்லாம் நம் நன்மைக்காகத்தானே!" எதிர்முகாம் கைகொட்டிச் சிரித்தது.

2022 மார்ச்சில் சாம்சங்கின் முறை. கேலக்ஸி ஃபோன்களில் இருந்த ஒரு மென்பொருள் விளையாட்டுச் செயலிகளின் வேகத்தை அடக்கியது. வேகத்தை அளக்கும் செயலிகளை மட்டும் தொடவில்லை. தேர்வு நாளில் மட்டும் நல்ல பிள்ளை! அப்படி வேகத்தை அளக்கும் செயலிகளில் ஒன்றான கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து எஸ்22 வரிசையை நீக்கியது. சாம்சங்கும் மன்னிப்புக் கேட்டது. அப்போது, முன்பு கைகொட்டிச் சிரித்த அதே ஆள் எழுந்து, "ஃபோன் சூடாகாமல் இருக்கத்தானே செய்தார்கள்" என்றார். வக்கீல்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். வாதம் அப்படியே இருந்தது. இதில் ஒருவருக்கும் கம்பெனி ஒரு காசு கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விமர்சகருக்கு ஃபோன் இலவசமாக வருகிறது, அவர் வாய் கட்டப்படுகிறது என்பார் அடுத்து வரும் நண்பர். வரட்டும். காசு கொடுத்து வாங்கியவர் வாயைக் கட்டியது யார்?

நடுவர் அவர்களே, அவர் மேடையேறும்போது இந்த ஒன்றையும் விளக்கச் சொல்லுங்கள். 2010 ஜூலையில், கீழ் மூலையைப் பிடித்தால் சிக்னல் குறைகிறது, ஐபோன் 4-ஐப் பரிந்துரைக்க முடியாது என்று கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் எழுதியது. பொருள்களைச் சோதித்துச் சொல்லும், விளம்பரமே வெளியிடாத இதழ் அது. உலகமெங்கும் செய்தியானது. அந்த ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆப்பிள் விற்ற ஐபோன்கள் 1 கோடியே 41 லட்சம். அதற்குமுன் எந்தக் காலாண்டிலும் அவ்வளவு விற்றதில்லை. ஊடகம் சொல்வதைக் கேட்டுத்தான் மக்கள் வாங்குகிறார்கள் என்றால், அந்த மூன்று மாதம் அவர்கள் யார் சொல்லைக் கேட்டார்கள்?