குமானோ ஆறு கொண்டுபோன கோயில்

எல்லோருக்கும் வணக்கம். ஜப்பான் போய்வந்தவர் பேசப் போகிறார் என்றதும் கியோட்டோவையும் அங்கே வரிசையாக நிற்கும் சிவப்பு வாயில்களையும் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஆற்றங்கரையில் ஒரு கோயில் இருந்த இடம், இப்போது அங்கே கோயில் இல்லை, ஆனாலும் அதைக் கும்பிடுகிறார்கள்.

ஒசாகாவுக்குத் தெற்கே கீ தீபகற்பம் என்று ஒரு மலைநாடு இருக்கிறது. தனாபே ஊரில் பஸ் ஏறினால் வளைந்து வளைந்து இரண்டு மணி நேரம், அப்புறம் குமானோ ஹொங்கு வருகிறது. இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள் நிற்க, 158 கல்படி ஏறினால் ஜப்பானியரின் பூர்வீக மதமான ஷிந்தோவின் கோயில். வர்ணப் பூச்சே கிடையாது, வெறும் மரம். கூரையைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹினோக்கி மரத்தின் பட்டையை உரித்து, மெல்லிசாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மூங்கில் ஆணி அடித்து வேய்ந்தது. ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த அடுக்குகள் பழைய புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி நெருக்கமாகத் தெரிகின்றன. இரண்டு முறை குனிந்து வணங்கி, இரண்டு முறை கை தட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். உள்ளே சிலை எதையும் நம் கண்ணுக்குக் காட்டுவதில்லை.

ஆனால் இந்தக் கோயில் இங்கே பிறந்ததில்லை. கீழே குமானோ ஆறும், ஒத்தோனாஷி ஆறும், இவாதா ஆறும் கூடுகிற கூடுதுறையில் ஓயுனோஹாரா என்ற மணல்திட்டில்தான் நூற்றாண்டுகளாக இருந்தது. பதவி துறந்த பேரரசர்கள் கியோட்டோவிலிருந்து மலை மலையாக நடந்து அங்கே வந்திருக்கிறார்கள், அதில் கோ-ஷிராகவா மட்டும் 30 தடவைக்கு மேல். பிற்பாடு சாதாரண ஜனங்களும் திரண்டார்கள், அந்தக் கூட்டத்தை எறும்பு வரிசை என்றே ஜப்பானியர்கள் சொன்னார்கள். பெண்ணா ஆணா, சுத்தமா தீட்டா என்று பார்க்காமல் எல்லோரையும் ஏற்றுக்கொண்ட தலம் என்பது குமானோவின் பெருமை. அந்தக் காலத்தில் அதைப் போல இன்னொரு இடத்தைக் காண்பது சுலபமில்லை, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அப்போதெல்லாம் திட்டுக்குப் போகப் பாலம் கிடையாது. ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டியிருந்தது, நனைந்த வைக்கோல் செருப்போடுதான் சன்னிதிக்குப் போக வேண்டியிருந்தது.

1889 ஆகஸ்டில் பெருமழை. ஆறு திட்டின் மேல் ஏறிப் பெரும்பாலான கட்டடங்களை அடித்துக்கொண்டு போய்விட்டது. அத்தனை நூற்றாண்டு ஆற்றுக்கு நடுவில் இருந்த கோயில் அன்றைக்கு ஏன் போயிற்று? மேலே மலைகளில் மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868 முதல்) மரத்தை வெட்டித் தள்ளியதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, ஆற்றின் மேல் மட்டும் பழி போட என்னால் முடியாது. அதே மழையில் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த தொத்சுகாவா கிராமத்தில் மலைச்சரிவுகள் சரிந்து வீடும் வயலும் மண்ணுக்குள் போயின. 2,000-க்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பி, வடகோடியில் ஹொக்கைடோவின் பனிக்குளிரில் போய்க் குடியேறினார்கள். அந்த ஊருக்குப் பெயர் ஷின்தொத்சுகாவா, புதிய தொத்சுகாவா என்று அர்த்தம். பெயரையாவது கையோடு கொண்டு போயிருக்கிறார்கள் பாருங்கள்.

தப்பிய சன்னிதிகளை 1891-இல் மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், நான் பார்த்த கோயில் அதுதான். மற்ற தெய்வங்களுக்குப் பழைய திட்டிலேயே இரண்டு சிறிய கல் சன்னிதிகள். தண்ணீர் கொண்டுபோன இடத்தில் பிடிவாதமாக மறுபடி கட்டவும் இல்லை, போனது போகட்டும் என்று அந்த மண்ணைக் கைகழுவவும் இல்லை. இதைத்தான் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

2000-இல் அந்தப் பழைய திட்டின் முன்னால் தோரி, அதாவது ஷிந்தோ கோயில் வாயில், ஒன்றை எழுப்பினார்கள். உயரம் 33.9 மீட்டர், அகலம் 42 மீட்டர், இரும்பு. ஜப்பானிலேயே பெரிய தோரி. நெல்வயலுக்கு நடுவே நடந்து, தலைக்கு மேலே குமானோ தெய்வங்களின் தூதரான மூன்று கால் காக்கை பொறித்த அந்த வாயிலைத் தாண்டினால் அந்தப் பக்கம் கோபுரமோ மண்டபமோ இருக்கும் என்று மனசு எதிர்பார்க்கிறது. மரங்கள்தான் இருக்கின்றன. நடுவில் புல்வெளி, ஓரத்தில் அந்தக் கல் சன்னிதிகள். அங்கே படம் எடுக்கக்கூடாது. ஒரு வயதான அம்மா வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, புல்லைப் பார்த்துக் குனிந்தார், நிமிர வெகுநேரம் ஆயிற்று.

அன்றைக்கு நான் வயல்பாதை வழியாக, செருப்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் போயிருந்தேன். அது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் விடியற்காலையில் ஒத்தோனாஷியில் இறங்கினேன். சத்தமில்லாதது என்று அந்த ஆற்றுப் பெயருக்கு அர்த்தம். கணுக்காலுக்குச் சற்று மேலே தண்ணீர், நல்ல குளிர், காலடியில் உருளும் கூழாங்கல். கரையேறி, அந்த ஈரக்காலோடு மரங்களுக்கு நடுவே நடந்து போய்ப் புல்லில் நின்றேன்.