தார்ப்பாயும் சுடுமண் ஜாடியும்: கீத் ஹேரிங்கின் காட்சிக்கூடம்

அவைத்தலைவர் அவர்களே, கலை ஆர்வலர்களே, வணக்கம்.

1982 அக்டோபரில், நியூயார்க்கின் சோஹோ பகுதியில் டோனி ஷஃப்ராசி நடத்திய காட்சிக்கூடத்தில், 24 வயதே ஆன அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங்கின் தனிக் கண்காட்சி தொடங்கியது. இந்த ஷஃப்ராசி, 1974இல் பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஓவியத்தின் மேல் சிவப்பு வண்ணத்தைப் பீய்ச்சி எழுதிக் கைதானவர். தெருவில் வரைபவரின் படைப்புகளை விற்க இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஹேரிங் அதற்குள் நகரத்துக்கு அறிமுகமாகியிருந்தார். சுரங்க ரயில் நிலையங்களில், காலம் முடிந்த விளம்பரங்களை மறைக்க ஒட்டப்பட்ட கருந்தாள்களில், தவழும் குழந்தையையும் குரைக்கும் நாயையும் வெள்ளைச் சாக்கட்டியால் வரைந்து வந்தார். சில நாட்களில் நாற்பது ஓவியங்கள் வரை. காவலர் வந்துவிட்டால் கைது என்பதால், முன்வரைவு போடவும் அழித்துத் திருத்தவும் அவருக்கு அவகாசம் இருந்ததில்லை.

அவருடைய கலையில் மரபுக் கைவினை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள், பெரும்பாலும் பழங்குடிச் சின்னங்களையோ எகிப்திய உருவங்களையோ தேடிச் செல்கிறார்கள். நான் அந்தத் தடயங்களை மறுக்கவில்லை. ஆனால் கைவினை அவருடைய கையில் இருந்தது என்பதே என் கருத்து. பாப் கலைஞரான ஆண்டி வார்ஹால், ஒரே படத்தைத் திரைத்துணி வழியே திரும்பத் திரும்ப அச்சிடும் ஸ்கிரீன் அச்சின் வழியாகக் கலைஞனின் கையை ஓவியத்திலிருந்து விலக்க முயன்றார். ஹேரிங்கோ, விளம்பரத்தைப் போலவே ஒரே உருவத்தை நகரமெங்கும் பரப்பினாலும், ஒவ்வொரு முறையும் அதைத் தம் கையால் புதிதாக வரைந்தார்.

அவர் தேர்ந்த பொருள்களும் இதையே சொல்கின்றன. கித்தானை அவர் அப்போது ஒதுக்கிவைத்திருந்தார். ஓரங்களில் உலோக வளையம் பதித்த வினைல் தார்ப்பாய்களின் மேல் அதற்கேற்ற மையால் தீட்டினார். 1983 இறுதியில் அதே கூடத்தில் நடந்த அடுத்த கண்காட்சியில் செதுக்கி வண்ணம் பூசிய மரப் படைப்புகளை வைத்தார். சுடுமண் ஜாடிகளிலும் வரைந்தார். ஜாடியின் வளைவில் ஓவியன் முழுப் பரப்பையும் ஒருசேரப் பார்க்க முடியாது. ஜாடியைச் சுற்றிக்கொண்டே போகும் கோடு புறப்பட்ட இடத்தில் சரியாக வந்து சேர்வதற்கு, கை அளவறிந்து நகர வேண்டும். சுரங்கப்பாதை அந்தக் கையைப் பழக்கியிருந்தது.

1986இல் லஃபாயெட் தெருவில் அவர் திறந்த ‘பாப் ஷாப்’, டி-ஷர்ட்டும் பேட்ஜும் விற்கும் கடை என்று விமர்சகர் பலரால் இகழப்பட்டது. புழங்கு பொருளின் மேல் சித்திரம் தீட்டுவது ஜாடியில் கலையாகவும் சட்டையில் வணிகமாகவும் எப்படி மாறும் என்பதை அவர்கள் எனக்கு விளங்க வைத்ததில்லை.

இதைவிடக் கடுமையான கேள்வி ஒன்று உண்டு. அந்த ஜாடிகளிலும் தார்ப்பாய்களிலும் பலவற்றில், ஹேரிங்கின் தடித்த கோடுகளுக்கிடையே உள்ள வெளியை அடர்ந்த கையெழுத்துகளால் நிரப்பியவர், எல்.ஏ. 2 என்ற பெயரில் சுவர்களில் எழுதிவந்த பதின்வயதுச் சிறுவர். அவரைத் தேடிப் பிடித்துத் தம்மோடு சேர்த்துக்கொண்டவர் ஹேரிங்தான். ஆனால் 1990இல், 31ஆம் வயதில், ஹேரிங் எய்ட்ஸ் நோயால் இறந்தபின் கலைச்சந்தை ஒற்றைப் பெயரையே விரும்பியது, எல்.ஏ. 2இன் பங்கு நெடுங்காலம் உரிய அளவில் பேசப்படவில்லை. கைவினைப் பட்டறையில் பல கைகள் சேர்ந்து செய்வது இயல்பு. அந்தப் பட்டறை வழக்கத்தைக் காட்சிக்கூடத்துக்குள் கொண்டுவந்த படைப்புகளிலேயே இரண்டாவது கை மறைக்கப்பட்டதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன்.