ஊசித் துளையும் இரண்டு விளக்குகளும்

நேயர்களுக்கு வணக்கம். தொலைபேசிக் கம்பி வழியாக வீட்டுக்கு இணையம் தரும் ரௌட்டரின் பின்புறத்தில் ஊசி முனை மட்டுமே நுழையும் ஒரு சிறு துளை இருக்கும். இணையம் வரவில்லை என்ற எரிச்சலில் ஒருமுறை அதில் ஊசியைவிட்டு அழுத்திவிட்டேன். உள்ளே இருந்த அமைப்புகள் அத்தனையும் அழிந்தன. ஒரு மாலை முழுவதும் அவற்றை மீட்பதில் போயிற்று. ஊசியைத் தேடும் முன் நான் முகப்பு விளக்குகளைப் பார்த்திருக்க வேண்டும்.

டி.எஸ்.எல். என்று ஒரு விளக்கு, இன்டர்நெட் என்று ஒரு விளக்கு. முதல் விளக்கு கம்பியைப் பற்றிப் பேசுகிறது. அது நிலைக்காமல் மினுக்கிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் கோளாறு அமைப்புப் பக்கத்தில் இல்லை. சுவரருகே குனிந்து பாருங்கள். நம் குரல் தொலைபேசிக் கம்பியில் சுமார் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. அதே கம்பியில் இணையத்தைக் கொண்டுவரும் ஏ.டி.எஸ்.எல். முறை அதற்கு மேலே, ஏறக்குறைய 25 முதல் 1,100 கிலோஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. இரண்டையும் பிரித்து வைப்பது ஃபில்டர் என்ற சின்னப் பெட்டி. அது இல்லாத ஒரே ஒரு தொலைபேசி, மாடி அறையில் மறந்துபோனதாக இருந்தாலும், மொத்த இணைப்பையும் தடுமாற வைத்துவிடும்.

முதல் விளக்கு நிலையாக எரிந்து, இரண்டாவது எரியவில்லையா? இப்போதுதான் அமைப்புப் பக்கத்துக்கு வேலை. உலாவியில் 192.168.1.1 என்று இட்டால் பெரும்பாலும் அது திறக்கும். இல்லையென்றால் ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் முகவரி இருக்கும். அங்கே வி.பி.ஐ., வி.சி.ஐ. என்று இரண்டு கட்டங்கள். ஏ.டி.எஸ்.எல். நம் தகவலை 53 பைட் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டின் நெற்றியிலும் அந்த இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும். என் இணைப்புக்கு வேண்டியவை 8, 35. ஊசி வைத்தியத்துக்குப் பிறகு ரௌட்டர் தானாக நிரப்பிக்கொண்டவை 0, 35. கம்பி நன்றாக இருந்தது, விளக்கும் எரிந்தது, துண்டுகள் மட்டும் யாருக்கும் வேண்டாத முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. நானோ கடவுச்சொல்லைத்தான் சந்தேகித்து, திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததையெல்லாம் ரௌட்டர் குறித்துவைக்கும் பதிவேட்டைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். எதிர்முனையிலிருந்து பதிலே இல்லை என்று அதில் இருந்தால், எண்களையோ இணைப்பு வகையையோ பாருங்கள். அடையாளம் ஏற்கப்படவில்லை என்று இருந்தால், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பாருங்கள். பயனர் பெயரில் அட் குறிக்குப் பின்னால் வரும் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுவும் பெயரில் சேர்ந்ததுதான்.

ஏ.டி.எஸ்.எல்.-ஐவிட வேகமான வி.டி.எஸ்.எல்.2 இணைப்பில் பொதுவாக வி.பி.ஐ., வி.சி.ஐ. என்ற இந்த எண் ஜோடி கேட்கப்படுவதில்லை. அங்கே சில நிறுவனங்கள் வி-லான் எண் (ஒரே கம்பியில் போகும் தகவலைத் தனித்தனியாகப் பிரித்துக்காட்டும் எண்) ஒன்றைத் தரும்.

இன்னொரு விநோதமும் உண்டு. சில தளங்கள் திறக்கின்றன; சில பாதியில் நின்று வெறும் வெள்ளைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அமைப்புப் பக்கத்தில் எம்.டி.யூ. என்ற கட்டத்தைப் பாருங்கள். ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தகவல் பொட்டலத்தின் உச்ச அளவு அது. வழக்கமான பொட்டலம் 1,500 பைட். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.ஈ. முறை தன் தலைப்புக்காக அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது. ஆகவே கட்டத்தில் 1,492 இருக்க வேண்டும். 1,500 என்றே விட்டால், பெரிய பொட்டலங்கள் வழியில் சிக்கிக்கொள்ளலாம்.

அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்க அந்தப் பக்கத்திலேயே ஒரு பொத்தான் இருக்கும். அது அங்கேயே இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் ரௌட்டரின் அடியில் இப்போது ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறது: 8, 35, பி.பி.பி.ஓ.ஈ., 1,492. கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதவில்லை. ஊசியும் தையல் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. வணக்கம்.