வரிக் கணக்கில் குழந்தை யார் பக்கம்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களுக்கு வருமான வரிக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் 15 வரை எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நாட்களில் என்னிடம் வரும் கேள்விகளில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. மணவிலக்குப் பெற்ற ஒரு தந்தையோ தாயோ எதிரே அமர்ந்து, "பிள்ளையை என் கணக்கில் காட்டலாமா, அவர் கணக்கில்தான் காட்ட வேண்டுமா?" என்று கேட்பார். காட்டுபவருக்குத்தானே வரிச் சலுகை. வழக்கு, வக்கீல், வீடு மாற்றம் என எல்லாவற்றையும் தாண்டி வந்தவர்கள் இந்த ஒரு படிவத்தில் மறுபடியும் மோதிக்கொள்கிறார்கள். அந்த மோதல் பெரும்பாலும் தேவையற்றது. அதைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

முதலில் அடிப்படை விதி. யார் அதிகம் செலவழித்தார் என்று வரித்துறை கேட்பதில்லை. பள்ளிக் கட்டணம் யார் கட்டினார், மாதந்தோறும் பராமரிப்புத் தொகை யார் அனுப்பினார் என்றும் கேட்பதில்லை. அந்த ஆண்டில் குழந்தை எத்தனை இரவுகள் யாரிடம் இருந்தது? அதுதான் கேள்வி. இரவுகள் என்பதைக் கவனியுங்கள். அதிக இரவுகள் யாரிடமோ, குழந்தையைக் காட்டும் உரிமை அவருக்கே.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். மாநில நீதிமன்றத்தின் மணவிலக்குத் தீர்ப்பு 2019இல் வந்தது. இரட்டைப்படை ஆண்டுகளில் தந்தையும் ஒற்றைப்படை ஆண்டுகளில் தாயும் மகளை வரிக் கணக்கில் காட்டலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. மகள் வசிப்பது தாயுடன். வார இறுதிகளில் மட்டும் தந்தை வீடு. 2024ஆம் ஆண்டுக்கான கணக்கைத் தந்தை இணையவழியில் அனுப்பினார். அன்றே திரும்பி வந்துவிட்டது. அந்தக் குழந்தையின் சமூகப் பாதுகாப்பு எண் வேறொரு கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்டது என்று பதில். தாய் முந்திக்கொண்டு தாக்கல் செய்திருந்தார்.

தந்தை தீர்ப்பின் நகலை என் மேசைமேல் வைத்தார். கை நடுங்கியது. "நீதிபதி கையெழுத்துப் போட்டிருக்கிறார், இதைவிட என்ன வேண்டும்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் 2008க்குப் பிறகு நடைமுறைக்கு வந்த தீர்ப்பு எதுவானாலும், அதன் பக்கங்களை மட்டும் வைத்து வரித்துறை ஏற்றுக்கொள்ளாது. வேண்டியது படிவம் 8332. குழந்தை யாருடன் வசிக்கிறதோ அந்தப் பெற்றோர் அதில் கையெழுத்திட்டு, "இந்த ஆண்டு நான் விட்டுக்கொடுக்கிறேன்" என்று தர வேண்டும். மற்றவர் அதைத் தன் கணக்குடன் இணைக்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் தீர்ப்பு தந்தைக்குச் சாதகமாக இருந்தும் பயன் இல்லை. தீர்ப்பை மதிக்கவில்லை என்று அவர் மாநில நீதிமன்றத்துக்குத்தான் திரும்பப் போக வேண்டும்.

அந்தத் தாயுடனும் பேசினேன். அவர் வஞ்சகம் செய்யவில்லை. "என் பெண் என் வீட்டில் தூங்குகிறாள், நான் காட்டாமல் யார் காட்டுவது?" என்பது அவர் எண்ணம். கையெழுத்திட்டால் எல்லாமே போய்விடும் என்று அஞ்சினார். இதைத்தான் நேயர்கள் நன்றாகக் கேட்க வேண்டும்: எல்லாம் போகாது. படிவம் 8332 மூலம் மற்றவருக்குப் போவது முக்கியமாகக் குழந்தைக்கான வரிச் சலுகை. 2024க்கு அது அதிகபட்சம் 2,000 டாலர், 2025 முதல் 2,200. குடும்பத் தலைவர் என்று கணக்குத் தாக்கல் செய்யும் தகுதி, வேலைக்குப் போவதற்காகக் குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டும் பணத்துக்கான சலுகை, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான உழைப்பு வருமானச் சலுகை ஆகிய மூன்றும் குழந்தை வசிக்கும் வீட்டிலேயே தங்கும். இவற்றை எந்தப் படிவத்தாலும் மாற்றித்தர முடியாது. குடும்பத் தலைவர் என்றால் 2024இல் நிலையான கழிவு, அதாவது வரி கணக்கிடும்முன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை, 21,900 டாலர், தனிநபருக்கு 14,600தான். கையெழுத்துப் போட்ட பிறகும் அந்த வித்தியாசம் தாயிடமே இருந்தது. அதை எண்ணாக எழுதிக் காட்டியதும் அவர் முகம் தெளிந்தது. படிவத்தில் கையெழுத்திட்டார், தன் கணக்கைத் திருத்தி அனுப்பினார். தந்தை தன் கணக்கைப் படிவத்துடன் அஞ்சலில் அனுப்பினார். இதை மணவிலக்கு ஒப்பந்தம் எழுதும்போதே யாராவது விளக்கியிருந்தால் இரண்டு பேரும் இவ்வளவு கசந்திருக்க வேண்டாம். அதனால்தான் வக்கீலிடம் கேளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடுகிறேன். "யார் காட்டலாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தத் தேதிக்குள் படிவம் 8332 கையெழுத்தாகித் தரப்பட வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இப்போது இரவுகளுக்கு வருகிறேன். ஒரு வாரம் அம்மா, ஒரு வாரம் அப்பா என்று மாறி மாறி இருக்கும் பிள்ளைகள் இன்று நிறைய. 365 நாள் ஆண்டில் இரவுகளைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது. 2024 போன்ற 366 நாள் ஆண்டில் 183, 183 என்று சமமாக வரலாம். அப்போது யாருடைய வருமானம் அதிகமோ அவர் பக்கம் போகும்.

கோடை விடுமுறையில் பிள்ளையைத் திருச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தாத்தா பாட்டியிடம் அனுப்புகிறோம். அந்த இரவுகள் யார் கணக்கு? பிள்ளை ஊருக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்த இரவு யாரிடம் இருந்திருக்குமோ அவர் கணக்கு. பாட்டி யாருடைய அம்மா என்பது பொருட்டில்லை. ஆனால் தாயோ தந்தையோ கூடவே போய்த் தங்கினால், அந்த இரவுகள் கூடப் போனவருக்கு. மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலியர்களுக்குத் தனி விதி உண்டு. பணியால் இரவில் பிள்ளையுடன் இருக்க முடியாதவருக்கு இரவுகளுக்குப் பதில் பகல்களை எண்ணுவார்கள். ஆகவே சமையலறையில் தொங்கும் நாட்காட்டியில், பிள்ளை எங்கே தூங்கியது என்று தினமும் ஓர் எழுத்துக் குறித்துவையுங்கள். அ என்றால் அம்மா, த என்றால் தந்தை. வரித்துறைக் கடிதம் வந்தால் அந்த நாட்காட்டி உங்களுக்காகப் பேசும்.

எச்-1பி வேலை விசாவிலும், அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இந்தியாவில் பிறந்து, சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல், வரி அடையாள எண் மட்டும் இருந்தால் அந்த 2,200 டாலர் யாருக்கும் கிடையாது. இங்கே வசிக்கும் பிள்ளையாக இருந்தால் 500 டாலர் சலுகை உண்டு. பிள்ளைக்கு ஆண்டு முடிவில் 17 வயது நிரம்பியிருந்தாலும் அப்படித்தான். 500 டாலருக்காக வக்கீல் கட்டணம் கொடுத்து வாதாடுவதற்குமுன் எண்ணிப் பாருங்கள். அதேபோல் விட்டுக்கொடுத்ததைப் பெறும் தனிநபரின் வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் சலுகை 50 டாலர் குறைந்துகொண்டே போகும். அப்படிப்பட்டவருக்கு விட்டுக்கொடுத்தால், கொடுத்தவருக்கும் இல்லை, வாங்கியவருக்கும் இல்லை என்று ஆகிவிடலாம்.

அறிவிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெறுவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். அதே படிவத்தின் மூன்றாம் பகுதியில் ரத்து செய்யலாம். ஆனால் மற்றவருக்குத் தெரிவித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் அது செல்லும். அதனால் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கையெழுத்திடாமல் ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே ஓர் ஆண்டுக்காக மட்டும் கையெழுத்திடுங்கள். இரண்டு பேரும் ஒரே பிள்ளையைக் காட்டிவிட்டீர்கள், வரித்துறைக் கடிதம் வந்துவிட்டது என்றால், காட்டியது சரியா என்று உடனே பார்த்து, தவறு என்றால் கணக்கைத் திருத்தி அனுப்பிவிடுங்கள். கடிதத்தைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.