சி.சி.எல். தேர்வுக்கு ஆங்கிலம் கேட்டுப் பழகுவது: முதலில் பேனாவைக் கீழே வையுங்கள்

வணக்கம் எல்லாருக்கும். இன்றைக்கு சி.சி.எல்., அதாவது ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே வாயால் மொழிபெயர்த்துச் சொல்கிற ஆஸ்திரேலியத் தேர்வு, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன், அதிலும் ஆங்கிலத்தில் பேசுவதைக் காதில் வாங்குகிற பகுதி மட்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன், இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது.

எனக்கு வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கின்றன. "அக்கா, ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் மீட்டிங், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் லிசனிங்கில் நல்ல ஸ்கோர் வாங்கியிருக்கிறேன், ஆனால் சி.சி.எல். பயிற்சி ஆடியோவைப் போட்டால் முன்பாதி நினைவிருக்கிறது, பின்பாதி எங்கே போகிறது என்றே தெரியவில்லை." இதற்குக் கிடைக்கிற வழக்கமான பதில் என்ன? வொகாபுலரி லிஸ்ட் படி, சொற்களை மனப்பாடம் செய். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. சொல் தெரியாமல் மார்க் போகிறவர்களை விட, தெரிந்த சொற்களையே கேட்டும் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

புதிதாக வந்தவர்களுக்காகத் தேர்வைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டி, அதாவது ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் உரைபெயர்ப்பாளர்களுக்கும் சான்றிதழ் தருகிற அமைப்பு, நடத்துகிற தேர்வு இது. பி.ஆர்., அதாவது இங்கே நிரந்தரமாக வசிக்கிற விசா, அதற்கான பாயிண்டில் 5 கூடுகிறது என்பதற்காகத்தான் பெரும்பாலோர் எழுதுகிறார்கள், அதில் ஒன்றும் தப்பில்லை. இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் 300 சொல் அளவில் இருக்கும். ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவார், இன்னொருவர் தமிழில் பேசுவார், நடுவில் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொல்பவர் நீங்கள். பேச்சு துண்டு துண்டாக வரும், ஒவ்வொரு துண்டும் அதிகபட்சம் 35 சொல். ஓர் உரையாடலுக்கு 45 மார்க், ஒவ்வொன்றிலும் குறைந்தது 29 வேண்டும், இரண்டும் சேர்த்து 90க்கு 63 வேண்டும். ஆகவே ஒரு உரையாடலில் சறுக்கிவிட்டு இன்னொன்றில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

சரி, ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் நன்றாகக் கேட்ட அதே காது இங்கே ஏன் தடுமாறுகிறது? அங்கே கேள்வித்தாள் கண்ணெதிரே இருக்கிறது. அடுத்து ஒரு தேதி வரும், அதற்கப்புறம் ஒரு தெருப்பெயர் வரும் என்று கேட்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். வேண்டியதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். சி.சி.எல்.லில் கேள்வித்தாளே இல்லை. சொன்னது எல்லாமே கேள்வி. எதை விட்டாலும் மார்க் போகும், இல்லாததைச் சேர்த்தாலும் போகும், மாற்றிச் சொன்னால் இன்னும் மோசம். ஆபீஸ் மீட்டிங்கும் அப்படித்தான், உங்கள் வேலைக்குச் சம்பந்தமானதை மட்டும் காது எடுத்துக்கொண்டு பழகியிருக்கிறது. இவ்வளவு நாள் பொறுக்கி எடுத்தே பழகிய காதை இப்போது முழுசாகக் கேட்கப் பழக்க வேண்டும்.

அடுத்தது இந்த வீடியோவின் மையமான விஷயம், பேனா. தேர்வில் குறிப்பெடுக்க அனுமதி உண்டு, அதனால் எல்லாரும் முதல் நாளே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து விடுகிறார்கள். ஆடியோ ஆரம்பித்ததும் கை ஓடுகிறது. கை எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில் காது கேட்பதில்லை, முந்தைய சொல்லை எழுதி முடிப்பதற்குள் அடுத்த நாலைந்து சொற்கள் ஓடிவிடும். 35 சொல் என்பது சாதாரணப் பேச்சு வேகத்தில் 15 விநாடிக்குள் முடிந்துவிடுகிற சமாச்சாரம்.

ஒரு உதாரணத்தைப் பொறுமையாகப் பார்ப்போம், பயிற்சிக்காக நானே எழுதிய துண்டு இது. ஒரு ஜி.பி., அதாவது பொது மருத்துவர், தமிழ் பேசுகிற அம்மா ஒருவரிடம் சொல்கிறார். நாளைக் காலை ரத்தப் பரிசோதனை என்று ஆரம்பிக்கிறார், அப்புறம் "நத்திங் பட் வாட்டர் ஆஃப்டர் டென் டுநைட்" என்கிறார், அதே மூச்சில் "அண்ட் டோன்ட் ஸ்டாப் யுவர் பிளட் பிரஷர் டேப்லெட் அன்லெஸ் ஐ ரிங் யூ" என்று முடிக்கிறார். இதில் தெரியாத சொல் ஏதாவது இருக்கிறதா? எட்டாம் வகுப்பு ஆங்கிலம் போதும். இதை என்னோடு பயிற்சி செய்கிறவர்களிடம் போட்டுக் காட்டிவிட்டு அவர்கள் குறிப்பை வாங்கிப் பார்த்தால், பல பேர் தாளில் கிட்டத்தட்ட இதேதான் இருக்கும்: ரத்தம், பத்து, தண்ணீர், மாத்திரை, நிறுத்து, போன். எல்லாச் சொல்லும் சரி. ஆனால் அந்தத் தாளைப் பார்த்துத் தமிழில் சொல்லும்போது என்ன வருகிறது தெரியுமா? "பத்து மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள், பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுங்கள், நான் போன் செய்கிறேன்." டாக்டர் சொன்னதற்கு நேர் எதிர். பெயர்ச்சொற்கள் எல்லாம் தாளுக்கு வந்துவிட்டன, அவற்றைக் கட்டி வைத்திருந்த சின்னச் சொற்கள், அந்த பட், டோன்ட், அன்லெஸ், இவை மூன்றும் கை ஓடிய நேரத்தில் போய்விட்டன.

சரியாகச் சொன்னால் இப்படி வரும்: "நாளைக் காலை ரத்தப் பரிசோதனை. இன்றிரவு பத்து மணிக்கு மேல் தண்ணீரைத் தவிர எதுவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் போன் செய்து சொன்னால் ஒழிய பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம்." இது மார்க் விஷயம் மட்டும் இல்லை. சிட்னி பிளாக்டவுனிலோ மெல்பர்ன் டாண்டினாங்கிலோ ஒரு கிளினிக்கில் நிஜமாகவே யாரோ ஒரு அம்மா இப்படி உட்கார்ந்திருப்பார், நடுவில் இருக்கிறவர் சொல்வதை அப்படியே நம்பி மாத்திரையை எடுத்து வைத்துவிடுவார். நாம் 5 பாயிண்டுக்காகப் படித்தாலும் அவரை நினைத்துத்தான் படிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் நான் சொல்கிற முறை இது. ஆரம்பத்தில் பேனாவே வேண்டாம். ஒரு துண்டைப் போடுங்கள், நிறுத்துங்கள், கேட்டதை முதலில் ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொல்லுங்கள், தமிழுக்குப் பிறகு வரலாம். சொல்லுக்குச் சொல் இருக்க வேண்டியதில்லை, ஆனால் யார், என்ன, எப்போது, எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் வந்துவிட வேண்டும். இது ஏன் முக்கியம் என்றால், எங்கே அடைப்பு என்று இதில்தான் தெரியும். ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால் காதோ நினைவோதான் பிரச்சினை. ஆங்கிலத்தில் சரளமாகச் சொல்லிவிட்டுத் தமிழில் திக்குகிறீர்கள் என்றால் கேட்பது நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் உழைக்க வேண்டிய இடம் தமிழ். இந்த வித்தியாசம் தெரியாமல் மாதக்கணக்கில் லிசனிங், லிசனிங் என்று ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, அவர்களுக்கு வேண்டிய மருந்தே வேறு.

உங்கள் குரலைப் போனில் பதிவு செய்யுங்கள். பதிவு இல்லாத பயிற்சியில் எல்லாருமே தங்களுக்குத் தாங்களே தாராளமாக மார்க் போட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது ஆஸ்திரேலிய உச்சரிப்பு. அமெரிக்கப் படங்களும் சீரீஸும் பார்த்து வளர்ந்த காதுக்கு இது கொஞ்சம் பழக வேண்டிய ஒன்றுதான், ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை, இடறுகிற இடங்கள் கொஞ்சம்தான். முதலில் கேன், கான்ட். கடைசியில் வருகிற "ட்" பாதி நேரம் காதில் விழாது, அதைத் தேடாதீர்கள். உயிரொலியைக் கேளுங்கள்: முடியாது என்றால் "கான்" என்று நீண்டு வரும், முடியும் என்றால் "கேன்" என்றோ வெறும் "க்ன்" என்றோ குறுகி ஓடும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஆம், இல்லை மாறிப்போகிற பெரிய தவறு போய்விடும்.

அப்புறம் எண்கள். தேர்ட்டீன், தேர்ட்டி. அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார் என்று பாடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள், ஆனால் பின்னால் டாலர்ஸ், வீக்ஸ் என்று ஏதாவது சேர்ந்தால் அந்த அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடும், அதை நம்ப முடியாது. முப்பது என்றால் நடுவில் "டி" மெத்தென்று, கிட்டத்தட்ட "தேடி" மாதிரி வரும். பதின்மூன்று என்றால் "ட்டீன்" என்று கூர்மையாக வரும், முடிவில் "ன்" இருக்கும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டியிலும் அந்த நீட்டத்தையும் "ன்" ஒலியையும்தான் பிடிக்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல பயிற்சி கையிலேயே இருக்கிறது. அரசின் தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவையான டி.ஐ.எஸ். நேஷனலின் எண் 131 450. அதைத் தேர்ட்டீன், ஃபோர்ட்டீன், ஃபிஃப்டி என்று சொல்லிப் பாருங்கள், வேறு யாரையாவது வேகமாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், எல்லாக் குழப்பமும் அந்த ஒரு எண்ணிலேயே இருக்கிறது.

ரெஃபரன்ஸ் நம்பர், பெயர் எல்லாம் எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது சிலர் பேச்சில் "ஏ" என்பது "ஐ"க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், எய்ட் என்பது ஐட் மாதிரி கேட்கும். டபுள் த்ரீ, ட்ரிபிள் சீரோ என்பதும், பூஜ்யத்தை "ஓ" என்பதும் பழகிவிட வேண்டியவை. ஃபோர்ட்நைட் என்று அடிக்கடி வரும், சென்டர்லிங்க் தருகிற அரசு உதவிப் பணமெல்லாம் அந்தக் கணக்கில்தான், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. புதிதாகக் கேட்கிறவர்கள் நாலு இரவு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எதைக் கேட்பது? முதலில் நாட்டியின் இணையதளத்தில் இருக்கிற மாதிரி உரையாடல்களைக் கேளுங்கள், தேர்வின் வடிவம் பிடிபடும். அதற்கப்புறம் எனக்குப் பிடித்தது பல மொழிகளில் ஒலிபரப்புகிற எஸ்.பி.எஸ். இங்கே வந்து குடியேறுகிறவர்களுக்காக அவர்கள் போடுகிற விளக்க நிகழ்ச்சிகளில் ஒரே விஷயம் ஆங்கிலத்திலும் தமிழிலும் கிடைக்கும். வாடகை ஒப்பந்தம், மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு, பள்ளிச் சேர்க்கை, வேலையிட உரிமைகள், இப்படித் தேர்வில் வருகிற தலைப்புகளே. ஆங்கிலத்தை முதலில் கேட்டு, துண்டு துண்டாகத் தமிழில் சொல்லிப் பதிவு செய்துவிட்டு, பிறகு அவர்களுடைய தமிழைக் கேளுங்கள். முன்கூட்டித் தமிழைக் கேட்டுவிட்டால் அந்தப் பயிற்சி வீண். ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி.யின் ரேடியோ நேஷனலில் ஹெல்த் ரிப்போர்ட், லா ரிப்போர்ட் இரண்டும் நல்லவை, ஆனால் நீளமானவை, ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டாலே போதும். ஏ.பி.சி.யின் உள்ளூர் வானொலியில் நேயர்கள் போன் செய்து பேசுகிற நேரம் இருக்கிறது பாருங்கள், அதை நான் ரொம்பவே சிபாரிசு செய்கிறேன். ஒரு பிளம்பர் பேசுவார், ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை பேசுவார், வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேறு வாக்கியம் ஆரம்பிப்பார்கள். மக்கள் நிஜமாகப் பேசுகிற ஆங்கிலம் அதுதான். சப்டைட்டில் மட்டும் போடவே போடாதீர்கள், கண் வேலை செய்ய ஆரம்பித்ததும் காது தூங்கிவிடும்.

வேகத்தைக் குறைத்துக் கேட்கலாமா என்று கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். வேகத்தைக் குறைத்தால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டுகிற விதம் மாறிப்போகும், அந்த ஒட்டைப் பிரித்துக் கேட்பதுதானே பயிற்சி. வேகத்தைத் தொடாமல் துண்டைச் சின்னதாக்குங்கள். 10 சொல்லில் ஆரம்பித்து 20, 35 என்று ஏறுங்கள். 35 வசதியாக வந்ததும் 45 வரை போய்ப் பாருங்கள், தேர்வில் வருவது அப்புறம் சின்னதாகத் தெரியும்.

பேனாவை எப்போது எடுப்பது? பேனா இல்லாமலே 20 சொல் துண்டுகள் முழுசாக வர ஆரம்பித்த பிறகு. அப்போதும் எல்லாவற்றையும் எழுதாதீர்கள். எண், தேதி, பெயர், தொகை, இவை நினைவில் நிற்காது, எழுதுங்கள். "இல்லை", "தவிர", "அதற்கு முன்" போன்ற கட்டுகளுக்கு ஆளுக்கொரு குறி வைத்துக்கொள்ளுங்கள். நான் மறுப்புக்கு ஒரு பெருக்கல் குறி, நிபந்தனைக்கு ஒரு அடைப்புக்குறி, அவ்வளவுதான் வைத்திருக்கிறேன். அந்த மாத்திரை வாக்கியத்துக்கு என் தாளில் "மா", அதன் மேல் நிறுத்தக்கூடாது என்பதற்குப் பெருக்கல், பக்கத்தில் அடைப்புக்குள் போன். பார்த்ததும் அர்த்தம் வந்துவிடும். குறிகளை இணையத்தில் தேடி ஐம்பது, அறுபது என்று மனப்பாடம் செய்யாதீர்கள், அவசரத்தில் எந்தக் குறி என்று யோசிப்பதிலேயே அடுத்த வாக்கியம் போய்விடும்.

தேர்வு அன்றைக்கு ஒன்றைக் கவனியுங்கள். உரையாடல் தொடங்கும் முன் யாருக்கும் யாருக்கும் இடையே பேச்சு, எதைப் பற்றி என்று ஒரு சின்ன அறிமுகம் வரும். அதைச் சும்மா விட்டுவிடாதீர்கள். வங்கி அதிகாரியும் வாடிக்கையாளரும் என்று கேட்ட நொடியிலேயே வட்டி, தவணை, அடையாளச் சான்று என்று மனம் தயாராகிவிட வேண்டும். அப்புறம், ஓர் உரையாடலுக்கு ஒரு முறை மார்க் குறையாமல் ஒரு துண்டைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு மேல் கேட்டால் குறையும். இரண்டாவது துண்டிலேயே பதறிப்போய் அதைச் செலவழித்துவிடாதீர்கள், ஒரு பெயரோ தேதியோ மட்டும் விட்டுப்போயிருந்தால் சொல்ல முடிந்ததைச் சொல்லிவிட்டு நகருங்கள். நிபந்தனையே பிடிபடவில்லை, வேண்டுமா வேண்டாமா என்றே தெரியவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள், அந்த வாய்ப்பு இருப்பதே அதற்காகத்தான்.

அந்த ரத்தப் பரிசோதனை மாதிரியே வாடகை வீடு, இன்சூரன்ஸ், பள்ளிக்கூடம் பற்றி இன்னும் சில துண்டுகளை எழுதிச் சாதாரண வேகத்தில் படித்துப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், இந்த வீடியோவின் கடைசியில் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு இடைவெளி விட்டிருக்கிறேன். பேனாவை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். சரி, முதல் துண்டு வருகிறது.