மண்ணைத் தள்ளியாச்சு, மொட்டு பச்சை! ஆனால் சணல் விலையைக் கேளுங்கள்

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் பாருங்கள், மண் மேடு எல்லாம் போயே போச்சு. நவம்பரில் முனகிக்கொண்டே புதைத்தேனே, அந்தப் பினோ நுவார் திராட்சைக்கொடி வரிசைகள் எல்லாம் வெளியே வந்தாச்சு.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. இது கனடாவில் ஒன்டாரியோ, பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி. குளிர்காலத்தில் மைனஸ் 20க்குக் கீழே இறங்கும் ராத்திரிகள் உண்டு. அதில் பினோ மொட்டு தாங்காது. அதனால் கொடியைக் கீழ்க்கம்பியில் படுக்கவைத்துக் கட்டி, மண் அணைத்துவிடுவோம். நயாகராவில் ஏரியும் மலைச்சரிவும் சேர்ந்து குளிரைக் குறைப்பதால், அங்கே பெரும்பாலும் இந்த வேலை இல்லை. கொடுத்துவைத்தவர்கள்.

சரி, சணல். இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கவாத்து முடிந்ததும் கொடியைக் கம்பியில் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் நாடா எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும், துண்டு துண்டாக மண்ணில் கிடக்கும். அதனால் சணல் வாங்கப் போனேன். தோட்டப் பகுதியில் பச்சைப் பெட்டி, மேலே இலைப் படம், விலை 11 டாலர் 49 சென்ட். வயிறு எரிந்தது. அப்படியே நடந்து பார்சல் கட்டும் சாமான்கள் இருக்கும் பகுதிக்குப் போனால், அங்கேயும் சணல் உருண்டை, 4 டாலர் 29! இரண்டையும் கையில் வைத்து முறுக்கை விரித்துப் பார்த்தேன். அதே மூன்று புரி, அதே நிறம், அதே எண்ணெய் வாடை. பக்கத்தில் நின்ற அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார். நிற்கட்டும். ஒரு இலைப் படத்துக்கு ஏழு டாலர் இருபது சென்டா? இருந்த உருண்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். ஆங், சொல்ல மறந்துவிட்டேன், மலிவான உருண்டையில் நீளமும் அதிகம்!

இப்போது நல்ல செய்தி. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். பிளேடால் மொட்டைக் குறுக்கே, மெல்லிசாகச் சீவ வேண்டும். தெரிகிறதா? ஒரே மொட்டு மாதிரி இருந்தாலும் உள்ளே மூன்று. நடுவில் பெரியது, இரண்டு பக்கமும் சின்னது. பெரியது பச்சையாக இருந்தால் முழு விளைச்சலுக்கு வழி இருக்கிறது. பழுப்பு என்றால் போச்சு, பக்க மொட்டு தளிர்த்தாலும் குலை குறைவுதான். நான் சீவிப் பார்த்ததில் பெரும்பாலும் பச்சை. வடக்கு ஓரத்தில் மட்டும் பழுப்பு இருக்கிறது, அங்கே மண் கொஞ்சம் கரைந்திருந்தது.

மண்ணைத் தள்ள ஏன் இவ்வளவு அவசரம் என்று போன வீடியோவில் கேட்டிருந்தீர்கள். விட்டுவைத்தால் மொட்டு மண்ணுக்குள்ளேயே வீங்கிவிடும். அப்புறம் கருவி லேசாகப் பட்டாலே உதிர்ந்துவிடும். ரொம்ப முன்னாடியே எடுத்தால் குளிர் அடிக்கும். நடுவில் கிடைக்கிற சில நாள்தான் நமக்கு. அடிமரத்தைச் சுற்றி டிராக்டர் போகாத இடத்தை மண்வெட்டியால்தான் எடுத்தேன், முதுகு இன்னும் நிமிரவில்லை.

அடுத்து, நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது: "எதற்கு இந்தப் பாடு? மார்க்கெட் (Marquette) என்கிற திராட்சை ரகத்தை நடலாமே, புதைக்கவே வேண்டாமே, டீசல் மிச்சமாகுமே?" நியாயம்தான். டிராக்டர் ஓடினால் டீசலும் போகிறது, மண்ணும் இறுகுகிறது. கியூபெக்கில் பலர் செய்கிற மாதிரி செயற்கைத் துணிப் போர்வை போர்த்தலாம், பல வருஷம் உழைக்கும். ஆனால் அதுவும் பிளாஸ்டிக்தானே, எனக்கு மனசு வரவில்லை. மார்க்கெட் மினசோட்டா பல்கலைக்கழகம் 2006இல் வெளியிட்ட ரகம், அதன் வம்சத்தில் பினோவும் இருக்கிறது. குளிர் தாங்கும், நோய்க்கு மருந்தடிப்பும் குறைவு. எல்லாம் சரி. ஆனால் அது சீக்கிரம் முழித்துக்கொள்ளும் ரகம். 2023 மே நடுவில் இந்தக் கவுன்டியில் ஒரே ராத்திரி உறைபனி வந்து தளிரை எல்லாம் கருக்கியதே, அந்த மாதிரி வந்தால் முந்தி முளைத்ததுதான் முதலில் அடிவாங்கும்.

வேலி ஓரத்தில் எனக்கும் இரண்டு வரிசை மார்க்கெட் இருக்கிறது. இப்போதே மொட்டு வீங்கி நிற்கிறது, பினோ இன்னும் அசையவில்லை. அடுத்த வீடியோவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறேன். மே 20 தாண்டட்டும், அப்புறம் வைத்துக்கொள்வோம் சண்டையை.